செத்த காக்கைகளும் சாகாத ஈமுக்களும்: ஒரு கால்நடை மருத்துவர் கண்டுபிடித்த மனித நோய்

[திரை: நியூயார்க் நகரத்தின் ஒரு தெரு. நடைபாதை ஓரம் ஒரு காக்கை அசையாமல் கிடக்கிறது.]

வணக்கம். நம் தெருவில் ஒரு காக்கை செத்துப்போனால் நமக்கு யாரும் வந்து சொல்லவேண்டியதில்லை. மற்ற காக்கைகள் கரண்டுக் கம்பியில் கூடி உட்கார்ந்து ஊரைக் கூட்டிவிடும். 1999ஆம் ஆண்டுக் கோடையில் நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் காக்கைகள் ஒன்றிரண்டாகச் சாகவில்லை. வீட்டுத் தோட்டங்களிலும் தெருவோரங்களிலும் கொத்துக்கொத்தாக விழுந்தன. சில காக்கைகள் தலை நிற்காமல் தள்ளாடிக்கொண்டிருந்தன. இரக்கப்பட்டவர்கள் அவற்றைத் தூக்கிக்கொண்டு கால்நடை மருத்துவர்களிடம் போனார்கள்.

அந்தக் காக்கைகளுக்கு வந்தது என்ன? அதே நேரத்தில், அதே பகுதியில், மனிதர்களுக்கு வந்தது என்ன? இரண்டும் ஒரே கேள்வி என்று புரிந்துகொள்ள ஒரு மாநகரத்துக்கு ஒரு மாதம் ஆனது. அதைப் புரிய வைத்தவர் ஒரு கால்நடை மருத்துவர். இந்த வீடியோ அவரைப் பற்றியது.

[திரை: மருத்துவமனை வார்டு. பின்னணியில் 'ஆகஸ்ட் 1999' என்ற எழுத்து.]

முதலில் மனிதர்கள் பக்கம். குவீன்ஸில் ஃப்ளஷிங் என்ற இடத்தில் உள்ள மருத்துவமனையில் டெபோரா ஆஸ்னிஸ் தொற்றுநோய் மருத்துவராக இருந்தார். வயதான இரண்டு நோயாளிகள், காய்ச்சல், மனக்குழப்பம், கூடவே கைகால்களில் விசித்திரமான பலவீனம். மூளைக்காய்ச்சல் மாதிரி இருக்கிறது, ஆனால் இந்தப் பலவீனம் பொருந்தவில்லை. ஆகஸ்ட் 23ஆம் தேதி அவர் நகரச் சுகாதாரத் துறைக்குப் போன் செய்தார். அந்தப் போன் இல்லையென்றால் இந்தக் கதை இன்னும் தாமதமாகத்தான் தொடங்கியிருக்கும். சுகாதாரத் துறையினர் தேடிப் பார்த்தால், சுற்றுவட்டாரத்தில் இன்னும் சிலருக்கு அதே நோய். எல்லோரும் மாலை வேளைகளில் வீட்டுக்கு வெளியே நேரம் கழித்தவர்கள். அப்படியென்றால் கொசு.

ரத்தமும் தண்டுவட நீரும் அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையத்துக்குப் போயின. சுருக்கமாக சி.டி.சி. என்பார்கள். செப்டம்பர் 3ஆம் தேதி பதில் வந்தது. செயின்ட் லூயிஸ் மூளைக்காய்ச்சல். கொசு பரப்பும் நோய், 1933இலிருந்து அமெரிக்காவுக்குத் தெரிந்த நோய். நகரம் உடனே கொசு மருந்து தெளிக்கத் தொடங்கியது. ஹெலிகாப்டர்கள்கூடப் பறந்தன.

மருந்து தெளித்தது சரியான காரியம்தான். நோயின் பெயர்தான் தவறு.

ஏன் தவறியது? இதைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். அந்தப் பரிசோதனை வைரஸை நேரடியாகப் பிடிப்பதில்லை. வைரஸை எதிர்த்து உடம்பு உண்டாக்கிய எதிர்ப்புப் பொருளைப் பார்த்து, எந்த வைரஸ் வந்திருக்கும் என்று ஊகிக்கிறது. அமெரிக்காவில் ஏற்கெனவே புழங்கும் வைரஸ்களோடுதான் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஆனால் டெங்கு, ஜப்பானிய மூளைக்காய்ச்சல், செயின்ட் லூயிஸ் எல்லாம் ஒரே குடும்பத்து வைரஸ்கள். அண்ணனைப் பார்த்துத் தம்பி என்று நினைப்பது போல, ஒன்றுக்கு உண்டான எதிர்ப்புப் பொருள் இன்னொன்றின் பரிசோதனையிலும் ஒட்டிக்கொள்ளும். அமெரிக்கக் கண்டத்துக்கே புதிதாக ஒரு வைரஸ் வந்திருக்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

[திரை: பிராங்க்ஸ் விலங்குக் காட்சிசாலை. பூநாரைகள் நிற்கும் குளம்.]

இப்போது நகரத்தின் இன்னொரு மூலைக்குப் போவோம். பிராங்க்ஸ் விலங்குக் காட்சிசாலை. அங்கே டிரேசி மெக்நமாரா என்ற கால்நடை மருத்துவர், நோய்க்கூறு நிபுணராக வேலை பார்த்தார். இறந்த விலங்குகளை அறுத்துப் பார்த்து, ஏன் இறந்தன என்று கண்டுபிடிப்பது அவர் வேலை. காட்சிசாலை வளாகத்தில் விழுந்து கிடந்த காக்கைகளை ஆகஸ்டிலேயே அறுத்துப் பார்த்திருந்தார். செப்டம்பர் தொடக்கத்தில் சாவு கூண்டுகளுக்குள்ளும் வந்துவிட்டது. பூநாரைகள், நீர்க்காகம், பனி ஆந்தை, வெண்தலைக் கழுகு என்று ஒன்றன்பின் ஒன்றாகப் பறவைகள் விழுந்தன. அறுத்துப் பார்த்தால் மூளையில் ரத்தக்கசிவும் வீக்கமும், இதயத்தில் கடுமையான சேதம்.

தொலைக்காட்சியில் செயின்ட் லூயிஸ் மூளைக்காய்ச்சல் என்கிறார்கள். மெக்நமாராவுக்கு அது உறுத்தியது. அந்த வைரஸுக்கு வீடே பறவைகள்தான். பறவை உடம்பில் பெருகும், அங்கிருந்து கொசு எடுத்துப்போகும், ஆனால் குடியிருக்கும் வீட்டை அது இடிப்பதில்லை. செயின்ட் லூயிஸ் வந்தால் பறவைகள் சாகக்கூடாது. இங்கே பறவைகள் செத்துக்கொண்டிருக்கின்றன.

சரி, வேறு என்னவாக இருக்கும்? அவர் போட்ட கணக்கு எனக்கு மிகவும் பிடித்த பகுதி. அவர் செத்த பறவைகளை மட்டும் பார்க்கவில்லை. எவை சாகவில்லை என்றும் பார்த்தார்.

[திரை: ஈமு ஒன்று நிதானமாக நடந்துபோகிறது.]

பறவைக் காய்ச்சலோ வெள்ளைக்கழிச்சலோ என்றால் முதலில் விழவேண்டியவை கோழிகளும் வான்கோழிகளும். காட்சிசாலையில் குழந்தைகளுக்கான பகுதியில் அவை நன்றாகத் தீவனம் தின்றுகொண்டிருந்தன. ஆக, அவை இல்லை. அமெரிக்காவில் கிழக்குக் குதிரை மூளைக்காய்ச்சல் என்று ஒன்று உண்டு. அது பறவைகளைக் கொல்லும். ஆனால் அது வந்தால் ஈமுக்களைச் சும்மா விடாது. நம் ஊரில் ஈமு கோழி என்போமே, அதேதான். காட்சிசாலையின் ஈமுக்கள் எந்தக் குறையும் இல்லாமல் நடமாடிக்கொண்டிருந்தன. ஆக, அதுவும் இல்லை.

அப்படியென்றால் மிஞ்சுவது என்ன? அமெரிக்காவில் இதுவரை பார்த்திராத ஏதோ ஒன்று. மனிதர்களின் மூளையைத் தாக்குவதும் காக்கைகளின் மூளையைத் தாக்குவதும் அதுவேதான்.

மனிதர்களுக்கு மருத்துவம் பார்த்தவர்கள் திறமையில் குறைந்தவர்கள் இல்லை. ஆனால் அவர்கள் கையில் இருந்தது ஒரே ஓர் உயிரினம். மனிதன். கால்நடை மருத்துவர் படிக்கும்போதே கோழிக்கு ஒன்று, குதிரைக்கு ஒன்று, மாட்டுக்கு ஒன்று என்று ஒப்பிட்டுப் பார்த்தே பழகியவர். ஒரே கிருமி யாரைக் கொல்லும், யாரை விடும் என்பது அவருக்கு அன்றாட விஷயம்.

மெக்நமாரா சி.டி.சி.க்குப் போன் செய்தார். பறவைகளின் சாவும் மனிதர்களின் நோயும் தொடர்புடையவை என்றார். அங்கே ஆர்வம் காட்டவில்லை. மனிதர்களுக்கான நிறுவனம் அது, பறவைத் திசுக்கள் அவர்கள் பொறுப்பில் வருபவை அல்ல. இதை ஒரு தனிமனிதரின் அலட்சியமாக நான் பார்க்கவில்லை. மனித நோய்க்கு ஒரு துறை, கோழிக்கும் மாட்டுக்கும் இன்னொரு துறை, காட்டு விலங்குக்கு வேறொன்று. காட்சிசாலைப் பறவையும் தெருக்காக்கையும் யாருடைய கணக்கிலும் சேராமல் நடுவில் நின்றன.

அவர் விடவில்லை. அயோவா மாநிலத்தில் ஏம்ஸ் நகரில் இருக்கும் தேசியக் கால்நடை ஆய்வகத்துக்குத் திசுக்களை அனுப்பினார். அங்கே வைரஸ் வளர்ந்தது. ஆனால் அவர்களிடம் இருந்த எந்தப் பரிசோதனைக்கும் பிடிபடவில்லை. அப்புறம் மேரிலாந்தில் உள்ள ராணுவத் தொற்றுநோய் ஆய்வகத்தின் கதவையும் தட்டினார். ஏம்ஸில் வளர்த்த வைரஸ் கடைசியில் கொலராடோ மாநிலத்து ஃபோர்ட் காலின்ஸில் உள்ள சி.டி.சி. ஆய்வகத்துக்கே போய்ச் சேர்ந்தது. கலிஃபோர்னியாவில் இயன் லிப்கின் என்ற வைரஸ் ஆய்வாளரின் குழு, இறந்த நோயாளிகளின் மூளைத் திசுவைத் தனியாக ஆராய்ந்துகொண்டிருந்தது. செப்டம்பர் கடைசி வாரத்தில் எல்லாப் பாதைகளும் ஒரே இடத்தில் முடிந்தன.

[திரை: உலக வரைபடம். உகாண்டாவில் ஒரு புள்ளி ஒளிர்கிறது.]

வெஸ்ட் நைல் வைரஸ். 1937இல் உகாண்டாவின் வெஸ்ட் நைல் மாவட்டத்தில் காய்ச்சல் கண்ட ஒரு பெண்ணின் ரத்தத்தில் முதலில் கண்டுபிடிக்கப்பட்டது. ஆப்பிரிக்கா, மேற்காசியா, ஐரோப்பா, இந்தியா எல்லாம் அதற்குப் பழகிய இடங்கள். அட்லாண்டிக் கடலைத் தாண்டி வந்தது அதுவே முதல் தடவை. நியூயார்க் வைரஸின் மரபணு, 1998இல் இஸ்ரேலில் செத்த ஒரு பெருவாத்தில் கிடைத்த வைரஸோடு ஏறக்குறைய அப்படியே ஒத்துப்போனது.

காக்கைகள் ஏன் அப்படிச் செத்தன என்பதும் இப்போது புரியும். ஆப்பிரிக்கா, ஆசியா, ஐரோப்பா பக்கத்துப் பறவைகள் இந்த வைரஸோடு காலங்காலமாக வாழ்ந்து பழகியவை. அமெரிக்கக் காக்கைக்கு இது முற்றிலும் புதிது. ஆய்வகத்தில் தொற்றவைத்துப் பார்த்தபோது, தொற்றிய காக்கைகள் ஏறக்குறைய எல்லாமே இறந்துபோயின.

அந்த ஆண்டு நியூயார்க்கில் 62 பேர் கடுமையாக நோயுற்றார்கள். 7 பேர் இறந்தார்கள். எண்ணிக்கை சிறியதாகத் தெரியலாம். ஆனால் இந்த வைரஸ் சுமார் 150 பேருக்குத் தொற்றினால் அதில் ஒருவருக்குத்தான் மூளைவரை போகும். மருத்துவமனைக்கு வந்த ஒவ்வொருவருக்கும் பின்னால் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் தெரியாமலே அதைக் கடந்து போயிருந்தார்கள். மனிதனை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் இந்த வைரஸ் இவ்வளவு மறைவாகத்தான் தெரியும். காக்கையைப் பார்த்தால் பட்டப்பகலில் தெரியும்.

நமக்கு இது தூரத்துக் கதை இல்லை. இதன் நெருங்கிய உறவான ஜப்பானிய மூளைக்காய்ச்சல் இந்தியாவில் முதன்முதலில் அறியப்பட்டது 1955இல், வேலூரில். கொக்கு, நாரை, பன்றி, வயல் தண்ணீரில் முட்டையிடும் கியூலெக்ஸ் கொசு, கடைசியில் குழந்தை என்று போகும் சங்கிலி அது. 2019இல் கேரளத்தின் மலப்புரத்தில் ஒரு சிறுவன் இறந்தது வெஸ்ட் நைல் காய்ச்சலால்தான்.

[திரை: வாளியில் பனிக்கட்டி மேல் வைத்த பறவை. பக்கத்தில் பதிவேடு.]

அமெரிக்காவில் என்ன மாறியது? 2000ஆம் ஆண்டு சி.டி.சி. புதிய கண்காணிப்பு வலையமைப்பு ஒன்றைத் தொடங்கியது. மனிதர், கொசு, குதிரை, செத்த பறவை எல்லாம் ஒரே பதிவுக்குள் வந்தன. காக்கை செத்துக் கிடந்தால் போன் செய்யுங்கள் என்று உள்ளூர்ச் சுகாதாரத் துறைகள் மக்களிடம் கேட்டன. பல இடங்களில் மனிதருக்கு நோய் வருவதற்கு முன்பே காக்கைகள் அதைக் காட்டிக்கொடுத்தன. குதிரைகளுக்கு 2001இலேயே தடுப்பூசி வந்துவிட்டது. மனிதர்களுக்கு இன்னும் வரவில்லை.

பிராங்க்ஸ் காட்சிசாலையை நடத்தும் வனவிலங்குப் பாதுகாப்புச் சங்கம் 2004இல் நியூயார்க்கில் ஒரு கூட்டத்தைக் கூட்டியது. 'ஒரே உலகம், ஒரே நலம்' என்பது அதன் தலைப்பு. இன்று உலக சுகாதார நிறுவனமும் உலக விலங்கு நல அமைப்பும் சேர்ந்து பேசும் 'ஒரே நலம்' என்ற சொல் பரவியதில் அந்தக் கூட்டத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

இன்னும் ஒன்றைச் சொல்லவேண்டும். கலிஃபோர்னியா காண்டர் என்ற பெரிய பிணந்தின்னிக் கழுகு. 1987இல் உலகத்திலேயே 27தான் மிஞ்சியிருந்தன. பிடித்து வளர்த்து, பெருக்கி, மறுபடி காட்டில் விட்டுக்கொண்டிருந்தார்கள். வெஸ்ட் நைல் வைரஸ் மாநிலம் மாநிலமாக மேற்கே நகர்ந்து வந்தது. அது கலிஃபோர்னியாவில் பரவினால் அத்தனை உழைப்பும் ஒரே கோடையில் போய்விடும். ஆகவே 2003இல் கூண்டில் இருந்த காண்டர்களுக்கும் காட்டில் பறந்த காண்டர்களுக்கும் ஒவ்வொன்றாகப் பிடித்துத் தடுப்பூசி போட்டார்கள். வைரஸ் வந்தது. காண்டர்கள் பிழைத்துக்கொண்டன.

அந்தத் தடுப்பூசியை உருவாக்கியது ஃபோர்ட் காலின்ஸில் உள்ள சி.டி.சி. ஆய்வகம். மெக்நமாராவின் பறவைகளிலிருந்து எடுத்த வைரஸ் கடைசியாகப் போய்ச் சேர்ந்ததே, அதே ஆய்வகம்.

[திரை: மலைமுகட்டிலிருந்து காண்டர் ஒன்று எழும்பிப் பறக்கிறது. இருள்.]