நல்கை விண்ணப்பத்தில் செலவுப் பக்கம்

நண்பர்களே,

இலக்கியம், வரலாறு, மொழி, கலை ஆகிய துறைகளிலிருந்து வரும் நல்கை (ஆய்வுக்கான நிதியுதவி) விண்ணப்பங்களில் ஒரு குறை திரும்பத் திரும்பத் தென்படுகிறது. ஆய்வுக் கேள்வி நன்றாக இருக்கும். செலவுப் பக்கத்தைப் புரட்டினால், வேறு யாரோ வேறு ஏதோ ஆய்வுக்குப் போட்ட கணக்குபோல இருக்கும். மதிப்பீட்டாளருக்குச் சந்தேகம் முளைப்பது அங்கேதான்.

எந்த நல்கை எதற்குப் பணம் தரும் என்பதை முதலில் பார்க்க வேண்டும். பிரிட்டிஷ் நூலகம் 2004 முதல் நடத்திவரும் அழிநிலை ஆவணங்களுக்கான திட்டத்தை எடுத்துக்கொள்வோம். சிதையும் சுவடிகளையும் கையெழுத்துப் படிகளையும் மின்படியாக்க அது பணம் தரும். மூல ஆவணம் நாட்டைவிட்டு வெளியே போகக் கூடாது. படிகள் எல்லோரும் இணையத்தில் பார்க்கும்படி இருக்க வேண்டும். அதே சுவடிகளைப் படித்து நூல் எழுதப் போகிறேன் என்று அங்கே கேட்டால் கிடைக்காது. அருமையான ஆய்வுகள் இப்படித் தவறான வாசலில் போய் நிற்பதைப் பார்க்க வருத்தமாக இருக்கிறது.

ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆய்வு நிதி அமைப்பான ஐரோப்பிய ஆய்வு மன்றம் நேர் எதிர். அது தலைப்பை விதிப்பதில்லை. எந்த நாட்டவரும் விண்ணப்பிக்கலாம். ஆனால் ஆய்வை ஏற்று நடத்தும் நிறுவனம் ஐரோப்பிய ஒன்றியத்திலோ, ஒன்றியத்தின் ஆய்வு நிதித் திட்டத்தோடு இணைந்த நாட்டிலோ இருக்க வேண்டும். ஆய்வுப் பணியின் தொடக்கத்தில் இருப்பவர்களுக்கான அதன் தொடக்கநிலை நல்கை ஐந்தாண்டுக்கு 15 லட்சம் யூரோ வரை. இந்தத் தொகைக்குள்ளேயே நிறுவனத்தின் மறைமுகச் செலவும் (கட்டடம், மின்சாரம், நிர்வாகம் போன்றவை) அடக்கம்: நேரடிச் செலவில் 25 விழுக்காடு. ஆகவே முழுத் தொகை கிடைத்தாலும் ஆய்வுக்கு மிஞ்சுவது 12 லட்சம். முழுப் பதினைந்துக்கும் ஆட்களைத் திட்டமிட்டுவிட்டுக் கடைசி வாரத்தில் ஒருவரை வெட்டினால், வேலைத் திட்டம் முழுவதும் குலைந்துபோகும்.

இனி உழைப்புக் கணக்கு. நம் துறைகளில் பெரிய செலவு நேரம்தான். விண்ணப்பங்களில் அதிகம் விடுபடுவதும் அதுதான். வாய்மொழி வரலாறு ஒன்றுக்கு 40 நேர்காணல்கள், ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரம் என்றால் 60 மணி நேர ஒலிப்பதிவு. ஒரு மணி நேரப் பதிவை எழுத்தாக்க ஆறு மணி நேரம் என்று வைத்தால் 360 மணி நேரம். நாளுக்கு ஆறு மணி நேர வேலையில் 60 வேலைநாள். வட்டார வழக்கோ, பலர் ஒரே நேரத்தில் பேசுவதோ இருந்தால் இன்னும் கூடும். மொழிபெயர்ப்பு தனிக் கணக்கு. ஒலிப்பதிவுக் கருவியின் விலையைக் கடைசிக் காசு வரை எழுதியவர்கள்கூட இந்த 60 நாளை மறந்துவிடுகிறார்கள். பிறகு இரண்டாம் ஆண்டில் எழுத்தாக்கப்படாத கோப்புகள் குவிந்து கிடக்கும், அறிக்கை கேட்டுக் கடிதம் வரும்.

கலை வரலாற்றுக்காரர்கள் பட அனுமதிக் கட்டணத்தைச் சேர்க்க வேண்டும். அருங்காட்சியகங்கள் படத்துக்குப் படம், சில வேளை அச்சுக்கு ஒன்று, இணையப் பதிப்புக்கு ஒன்று என வசூலிக்கும். காப்பகத்துக்குப் போகிறவர்கள் அது வாரத்தில் எத்தனை நாள் திறந்திருக்கும், நாளுக்கு எத்தனை ஆவணக் கட்டு தருவார்கள் என்று எழுதிக் கேட்டுவிட்டுத்தான் பயண நாள்களைக் குறிக்க வேண்டும்.

கடைசித் தேதி இரண்டு உண்டு. நல்கை தருபவர் சொல்வது ஒன்று. உங்கள் நிறுவனம் கணக்கைச் சரிபார்த்துக் கையெழுத்திட வைக்கும் உள்தேதி இன்னொன்று, பெரும்பாலும் அதற்கு முன்பே வந்துவிடும். அரைகுறையாகவாவது அனுப்பிப் பார்ப்போம் என்ற எண்ணமும் வேண்டாம். ஐரோப்பிய ஆய்வு மன்றத்தில் முதல் கட்டத்திலேயே குறைந்த தரம் பெற்றவர், அடுத்த சுற்றில் விண்ணப்பிக்கும் வாய்ப்பையே இழக்க நேரலாம்.