பேய்க்கு எதற்கு மருத்துவச் சான்றிதழ்?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். 'மனநிலைத் திகில் படத்தைக் கடைசி விளக்கம் காப்பாற்றுகிறதா, கவிழ்க்கிறதா?' கவிழ்க்கிறது என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணி நண்பர் இப்போதுதான் உருக்கமாகப் பேசிவிட்டு அமர்ந்தார். இரண்டு மணி நேரம் பயமுறுத்திவிட்டுக் காரணம் சொல்லாமல் அனுப்பினால் அது மோசடியாம். துணைக்குத் திகில் பட இயக்குநர் ஹிட்ச்காக்கையும் கூட்டி வந்துவிட்டார். 1960-இல் வந்த அவருடைய 'சைக்கோ'வின் கடைசியில் ஒரு மனநல மருத்துவர் எல்லாவற்றையும் விளக்குகிறாரே, அந்தப் படம் ஓடவில்லையா என்று கேட்டார். ஓடியது ஐயா, பிய்த்துக்கொண்டு ஓடியது. அந்த மருத்துவரைப் பார்க்கவா கூட்டம் வந்தது?

கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். நிலவறையில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறாள், கொலைகாரி என்று நாம் நம்பிய தாய். தோளைத் தொட்டதும் நாற்காலி திரும்புகிறது. காய்ந்துபோன பிணம்! அதே நேரத்தில் அம்மாவின் உடையும் பொய்முடியுமாகக் கத்தியோடு பாய்ந்து வருகிறான் மகன். மடக்கிப் பிடிக்கிறார்கள், பொய்முடி நழுவுகிறது. புரிந்துவிட்டதா இல்லையா? அடிவயிற்றிலேயே புரிந்துவிட்டது. அதற்கு அப்புறம் வருகிறார் மருத்துவர். கண்ணால் கண்டதற்கெல்லாம் நின்று நிதானமாகப் பொழிப்புரை சொல்கிறார்.

நண்பர் ஒன்றைக் கவனிக்காமல் விட்டார். ஹிட்ச்காக்கே அந்த மருத்துவரோடு படத்தை முடிக்கவில்லை. நம்மை அடுத்த அறைக்கு அழைத்துப் போகிறார். அங்கே போர்வைக்குள் மகன், அவனுக்குள் அம்மாவின் குரல். கையில் ஒரு ஈ ஊர்கிறது. ஈயைக்கூட வதைக்காதவள் நான் என்று எல்லோரும் பார்க்கட்டும் என்கிறது அந்தக் குரல். பிறகு அந்தச் சிரிப்பு. மருத்துவர் தண்ணீர் ஊற்றி அணைத்த அடுப்பை மறுபடி ஊதி மூட்டிவிட்டுத்தான் நம்மை வெளியே அனுப்புகிறார்.

அப்படியானால் முடிவே வேண்டாமா என்பார்கள். வேண்டும். 1980-இல் 'தி ஷைனிங்' திரைக்கு வந்த பிறகு, மருத்துவமனையில் நடக்கும் கடைசிப் பகுதியை வெட்டச் சொன்னார் அதன் இயக்குநர் குப்ரிக். ஓடிக்கொண்டிருந்த பிரதிகளில் கை வைப்பதென்றால் சும்மாவா? இப்போது பனியில் உறைந்த மனிதன், அடுத்து சுவரில் 1921-ஆம் ஆண்டுப் புகைப்படம், அதில் அதே முகம். அவ்வளவுதான். அதுவும் முடிவுதானே? அந்தப் புகைப்படத்துக்கு முன்னால் ஒருவர் குச்சியோடு நின்று பாடம் நடத்தவில்லை என்பதால் அதற்கு என்ன அர்த்தம் என்று இன்றுவரை சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம்.

கதவுக்குப் பின்னால் யாரோ நிற்கிறார்களா, இல்லை கதாநாயகியின் மனம்தான் அப்படிச் சொல்கிறதா என்று தெரியாமல் இருக்கையின் நுனிக்கு வருகிறோமே, இந்த வகைப் படத்துக்கு அந்தத் தெரியாமைதான் கைமுதல். அவளோடு சேர்ந்து நம் கண்ணையே நாம் சந்தேகிக்கிறோம். கடைசியில் ஒருவர் கோப்பைத் திறந்து நோயின் பெயரைப் படித்ததும் என்ன ஆகிறது? அது அவளுடைய நோய், நமக்கு ஒன்றுமில்லை. அப்பாடா என்று செருப்பைத் தேடுகிறோம். இதில் இன்னொரு வருத்தமும் எனக்கு உண்டு. அந்த நோயோடு நிஜமாகவே வாழ்கிறவர்கள் கொலைகாரப் பட்டத்தைச் சுமக்க வேண்டியதாகிறது.

சரி, இரண்டாம் முறை பார்க்கும்போது தடயங்கள் பிடிபடும் சுகம் இருக்கிறதே என்று அடுத்த பேச்சாளர் கேட்பார். முகத்திலேயே தெரிகிறது. இருக்கிறது அம்மா, நானும் ரசித்திருக்கிறேன். ஆனால் அது துப்பறியும் கதையின் சுகம். புதிரை அவிழ்த்தவன் நன்றாகத் தூங்குவான். என்னைத் தூங்கவிடாமல் செய்வேன் என்று சொல்லித்தானே இந்தப் படத்துக்கு அழைத்தார்கள்?

மணி அடித்துவிட்டீர்கள் நடுவரே. கையில் இன்னும் இரண்டு காரணங்கள் இருக்கின்றன. விளக்காமலே போய் உட்காருகிறேன்.