கேட்கத் தெரியாத கேள்வி

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, இந்த நேரத்திலும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கும் பெரியோர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

டூர் குழுவில் சேராமல் தன் பயணத்தைத் தானே திட்டமிட்டுப் போகிறவருக்கு வழிகாட்டிப் புத்தகம் துணையா, சுமையா என்பது தலைப்பு. எங்கள் அணி துணை என்கிறது. எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவர் கடைசியில் ஒரு தடிப் புத்தகத்தைத் தூக்கி மேசை மேல் தொம் என்று போட்டார், நீங்கள் எல்லோரும் கை தட்டினீர்கள், நானும் தட்டினேன், சத்தம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அந்தச் சத்தத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தால் அவர் வைத்த குற்றச்சாட்டு நான்கு. புத்தகம் அச்சாகி வரும்போதே பழசாகிவிடுகிறது. எழுதுகிறவர் எல்லா இடத்துக்கும் போய்ப் பார்ப்பதில்லை. எல்லோரையும் ஒரே இடத்துக்கு ஓட்டிக்கொண்டு போய் அந்த இடத்தைக் கெடுக்கிறது. கையில் போன் இருக்கும்போது இந்தக் கனம் எதற்கு.

சரி. ஒப்புக்கொள்ள வேண்டியதை முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன், அப்புறம் சண்டை போடலாம். புத்தகத்தில் வருகிற விடுதிப் பட்டியல், உணவகப் பட்டியல், பஸ் நேரம், நுழைவுக் கட்டணம் இதையெல்லாம் நம்பிப் போகக் கூடாது. ஒருவர் போய்ப் பார்த்து எழுதி, இன்னொருவர் திருத்தி, அச்சடித்துக் கடைக்கு வருவதற்குள் ஒரு வருஷம் ஓடிவிடும், அதை நாம் வாங்கி இன்னும் இரண்டு வருஷம் வைத்திருப்போம், அதற்குள் சமையல்காரர் வேறு வேலைக்குப் போயிருப்பார், பஸ் நிற்கிற இடம் ஊருக்கு வெளியே போயிருக்கும். இதைவிட மோசமான விஷயம் ஒன்று உண்டு, அதை எதிரணி சொல்ல மறந்துவிட்டது, நானே சொல்கிறேன்: புத்தகத்தில் பெயர் வந்துவிட்ட விடுதிக்கு அப்புறம் யாரையும் திருப்திப்படுத்த வேண்டிய அவசியமே இருக்காது. ஆள் தானாக வந்து விழும். அறை நாறும், வாசலில் மட்டும் அந்தப் புத்தகத்தின் பெயரைப் போட்ட பலகை பளபளவென்று இருக்கும். அதனால் என்னைக் கேட்டால் அந்தப் பக்கங்களைக் கிழித்து வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகலாம், கனமும் குறையும்.

நடுவர் சிரிக்கிறார், பாதிப் புத்தகம் போய்விட்டதே என்று. போகட்டும் ஐயா, மீதிப் பாதிக்குத்தான் நான் வாதாட வந்திருக்கிறேன்.

எத்தியோப்பியாவுக்குத் தனியாகப் போகிறீர்கள் என்று வையுங்கள். தொலைதூர பஸ்ஸுக்கு டிக்கெட் வாங்குகிறீர்கள், கவுண்டரில் இருப்பவர் 12 மணிக்கு வண்டி என்கிறார். நிதானமாகக் குளித்துச் சாப்பிட்டு பதினொன்றரைக்குப் போய் நிற்கிறீர்கள். வண்டி காலை 6 மணிக்கே போய்விட்டது. அவர் பொய் சொல்லவில்லை. அங்கே மக்கள் மணியை விடியலிலிருந்து எண்ணுகிறார்கள், நம் காலை 7 மணி அவர்களுக்கு 1 மணி, நம் காலை 6 அவர்களுக்கு 12. ஆண்டுக் கணக்கும் ஏழெட்டு வருஷம் பின்னால் இருக்கிறது, வருஷத்துக்கு 13 மாதம். இப்போது எதிரணியைக் கேட்கிறேன், போனை எடுத்து இதைத் தேடியிருப்பீர்களா? எப்படித் தேடுவீர்கள்? "12 மணி என்றால் 12 மணிதானா" என்று உலகத்தில் யாராவது தேடுவார்களா? ஆனால் ஓரளவு உருப்படியான எந்த எத்தியோப்பியப் புத்தகத்தை எடுத்தாலும் முன்பக்கங்களிலேயே இது இருக்கும்.

பல்கேரியாவில் தலையை மேலும் கீழும் ஆட்டினால் இல்லை என்று அர்த்தம், பக்கவாட்டில் ஆட்டினால் ஆமாம். இந்த ரயில் அந்த ஊருக்குப் போகுமா என்று கேட்டு, ஆட்டின தலையைப் பார்த்து ஏறி உட்கார்ந்தால் கதை முடிந்தது. இதுவும் அதே வகைதான். பாரிஸில் லூவர் அருங்காட்சியகம் செவ்வாய்க்கிழமை மூடியிருக்கும் என்பதை போன் சொல்லிவிடும், நான் மறுக்கவில்லை, ஏனென்றால் எத்தனை மணிக்குத் திறக்கும் என்று கேட்க நமக்குத் தெரியும். தேடல் பெட்டி கேட்டதற்குப் பதில் சொல்லும், அதில் அது கெட்டிக்காரன். ஆனால் புது நாட்டில் நம்மைக் கவிழ்ப்பது, கேட்க வேண்டும் என்றே நமக்குத் தோன்றாத விஷயம். புத்தகம் அங்கேதான் துணைக்கு வருகிறது, வரிசையாகப் படித்துக்கொண்டு போகும்போது நாம் கேட்காததும் கண்ணில் பட்டுவிடுகிறது. என் கட்சி இவ்வளவுதான், மீதி நேரமெல்லாம் எதிரணிக்குப் பதில்.

இது வெள்ளைக்காரன் கொண்டுவந்த பழக்கம் என்று எதிரணியில் இரண்டாவதாகப் பேசியவர் போகிற போக்கில் ஒரு வார்த்தை விட்டார். தமிழில் பேசிக்கொண்டே இதைச் சொல்லலாமா? பத்துப்பாட்டில் ஐந்து பாட்டு ஆற்றுப்படை. அதில் மலைபடுகடாத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பரிசு வாங்கித் திரும்புகிற கூத்தன் ஒருவன், எதிரே வறுமையோடு வருகிற கூத்தனுக்கு நன்னனிடம் போக வழி சொல்கிறான். மன்னன் புகழ் ஒருபக்கம் இருக்கட்டும், வழியைப் பற்றி என்ன சொல்கிறான் பாருங்கள். பன்றிக்கு வைத்த கல் பொறி கிடக்கும், இருட்டில் போகாதே, விடிந்த பிறகு போ. பிளவுகளில் பாம்பு இருக்கும். காவல்காரர்கள் யானையை விரட்டக் கவணில் எறிகிற கல் எமன் மாதிரி வரும், மரத்துக்குப் பின்னால் மறைந்து மறைந்து போ. பாசி பிடித்த இடத்தில் கால் வழுக்கும், பக்கத்து மூங்கில் கோலைப் பிடித்துக்கொண்டு நட. அந்த வழிப்போக்கன் இதில் ஒன்றையாவது கேட்டானா? மலையே தெரியாதவனுக்குப் பொறியைப் பற்றிக் கேட்க எப்படித் தெரியும்? போய் வந்தவன் தானாகச் சொல்கிறான்.

1973-ல் நடந்ததும் இதேதான். டோனி, மவ்ரீன் வீலர் என்று ஒரு கணவன் மனைவி லண்டனிலிருந்து ஆசியா வழியாக ஆஸ்திரேலியாவுக்குக் கையில் காசில்லாமல் வந்து சேர்ந்தார்கள். எப்படி வந்தீர்கள், எப்படி வந்தீர்கள் என்று பார்த்தவர்கள் எல்லாம் கேட்க, பதில் சொல்லி அலுத்துப்போய் சின்னதாக ஒரு புத்தகம் போட்டார்கள். லோன்லி பிளானட் என்ற பெரிய வழிகாட்டிப் பதிப்பகம் அப்படித்தான் தொடங்கியது.

இனி பழசாகிவிடும் என்கிற குற்றச்சாட்டு. 1944-ல் நேச நாட்டுப் படைகள் பிரான்ஸில் நார்மண்டிக் கரையில் இறங்கப் போகிறார்கள். உள்ளே போனால் ஊர்களில் பெயர்ப் பலகையும் கைகாட்டி மரமும் இருக்குமா என்று தெரியாது. அவர்கள் கையில் எடுத்தது மிஷெலின் என்ற பிரெஞ்சு வழிகாட்டிப் புத்தகத்தின் 1939 பதிப்பு. அதை வாஷிங்டனில் மறுபடி அச்சடித்து அதிகாரிகளுக்குக் கொடுத்தார்கள், அதில் இருந்த நகர வரைபடங்களுக்காக. ஐந்து வருஷப் பழசு, நடுவில் ஒரு உலகப் போரே நடந்துகொண்டிருக்கிறது! உணவகப் பட்டியல் செத்துப்போயிருக்கும், தெரு அங்கேயேதான் இருந்தது. இன்னும் பழசு வேண்டுமா? இரண்டாம் நூற்றாண்டில் பௌசானியஸ் என்ற கிரேக்கர் கிரேக்க நாட்டைச் சுற்றி வந்து பத்துப் பகுதியாக எழுதி வைத்தார், மைசீனி என்ற பழைய ஊரில், ட்ராய்ப் போர்க் கதையில் வருகிற மன்னன் அகமெம்னோனின் கல்லறை மதிலுக்கு உள்ளே இருக்கிறது என்று. சுமார் 1700 வருஷம் கழித்து, 1876-ல், ஷ்லீமன் என்ற ஜெர்மானியத் தொல்லியலாளர் அந்த வரியை நம்பி மதிலுக்கு உள்ளே தோண்டினார், தங்க முகமூடிகளோடு கல்லறைகள் கிடைத்தன. அவை அகமெம்னோனுக்கும் முந்தியவை என்று பிறகு தெரிந்தது வேறு கதை. தோண்ட வேண்டிய இடம் சரியாகத்தானே இருந்தது.

எழுதுகிறவர் போய்ப் பார்ப்பதில்லை என்றார்கள். 2008-ல் ஒரு எழுத்தாளர், தான் பங்கெடுத்த கொலம்பியா புத்தகத்துக்காக அந்த நாட்டுக்கே போகவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னதை எதிரணித் தலைவர் கை ஆட்டி ஆட்டி விவரித்தார். நடந்தது உண்மை. அவருக்குக் கொடுத்தது வரலாற்றுப் பகுதி மட்டும்தான், அதற்குப் போக வேண்டிய அவசியம் இல்லை என்று பதிப்பகம் விளக்கம் சொன்னது, அதுவும் உண்மை. எனக்கு அந்த விளக்கம் அவ்வளவாகப் பிடிக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள், ஒருவர் போகவில்லை என்றதும் உலகம் முழுக்கச் செய்தியானது, ஏனென்றால் போயிருக்க வேண்டும் என்பது அங்கே வேலையின் விதி. இணைய விமர்சனத்தில் அந்த விதி எங்கே இருக்கிறது? 2017-ல் லண்டனில் ஊபா பட்லர் என்ற இளைஞர் தன் வீட்டுத் தோட்டத்துக் கொட்டகையை உணவகம் என்று, பயணிகள் விமர்சனம் எழுதுகிற டிரிப்அட்வைசர் இணையதளத்தில் பதிவு செய்தார். சமையல் கிடையாது, மேசை கிடையாது, உணவகமே கிடையாது. நண்பர்களை விட்டுப் பொய் விமர்சனம் எழுத வைத்தார். சில மாதத்தில் அது லண்டனில் முதலிடத்துக்கு வந்துவிட்டது. 18,000-க்கும் மேற்பட்ட உணவகங்களுக்கு மேலே, இல்லாத ஓர் உணவகம்! புத்தகம் பழைய உணவகத்துக்கு அனுப்பும் என்று குறை சொன்னீர்களே, உங்கள் போனோ, இல்லவே இல்லாத ஓர் உணவகத்துக்கு அனுப்பியது.

மறுபக்கம் கார்ல் பெடேக்கரைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள், பத்தொன்பதாம் நூற்றாண்டில் சிவப்பு அட்டை வழிகாட்டிகளுக்குப் பேர் போன ஜெர்மானியர். மிலான் பேராலயத்தின் கூரைக்கு ஏறும்போது இருபது படிக்கு ஒருமுறை நின்று, ஒரு பையிலிருந்து ஒரு பட்டாணியை எடுத்து இன்னொரு பையில் போட்டுக்கொண்டே போனாராம், படிக்கணக்கு தப்பக் கூடாது என்று. இறங்கும்போது அதைத் திருப்பிச் செய்து சரிபார்த்தாராம். எத்தனை படி என்பதால் யாருக்கும் பெரிய லாபம் இல்லைதான். ஆனால் முழங்கால் வலிக்காரருக்கு அது ஏறுவதா வேண்டாமா என்கிற கேள்வி, அதை அவருக்காக ஒருவர் முன்கூட்டியே ஏறிப் பார்த்திருக்கிறார்.

கூட்டம் சேர்க்கிறது என்ற பழிக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. புத்தகம் சேர்த்திருக்கிறது. ஒரே புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, ஒரே விடுதியில் இறங்கி, நாங்கள் தனி வழி போகிறவர்கள் என்று ஒருவருக்கொருவர் பெருமை பேசிக்கொண்டவர்களை நானே பார்த்திருக்கிறேன், நானே அதில் ஒருவன். ஆனால் போன் அதைக் குறைத்ததா? நார்வேயில் டிரோல்துங்கா என்ற பாறை இருக்கிறது, நாக்கு நீட்டின மாதிரி மலை விளிம்பில் துருத்திக்கொண்டு நிற்கும். 2010-ல் சுமார் 800 பேர் ஏறினார்கள், 2016-ல் சுமார் 80,000 பேர். அந்த இடத்தில் நின்று எடுத்த படங்கள் போன்களில் சுற்றியதுதான் பெரிய காரணம். ஒரு விஷயம் கூடவே சொல்ல வேண்டும், அது போக வர 10, 12 மணி நேரம் நடக்கிற பாதை, படத்தில் அது தெரியாது. புத்தகத்தில் முதல் வரியே அதுதான்.

கடைசிக் குற்றச்சாட்டுக்குச் சுருக்கமாகப் பதில் சொல்கிறேன், மணி அடிக்கிறவர் என்னையே பார்க்கிறார். கையில் போன் இருக்க இது எதற்கு என்கிறார்கள். 2012-ல் கூகுளே ஃப்ரோமர்ஸ் என்ற வழிகாட்டி நிறுவனத்தை விலைக்கு வாங்கியது. தேடலுக்கே பேர் போன கம்பெனிக்குப் புத்தகக்காரர்கள் சேர்த்த சரக்கு தேவைப்பட்டது என்பதை நடுவர் குறித்துக்கொள்ள வேண்டும். அடுத்த வருஷமே நிறுவனர் ஆர்தர் ஃப்ரோமர், எண்பது வயதைத் தாண்டிய மனுஷர், பெயரைத் திருப்பி வாங்கி மறுபடி அச்சடிக்க ஆரம்பித்தார். போனை வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை, என் பையிலும் இருக்கிறது. இன்று ராத்திரி எங்கே தங்குவது என்பதற்குப் போன். இந்த நாட்டுக்கு எந்த மாதம் போவது, எந்த ஊரைப் பார்த்துவிட்டு எந்த ஊருக்குப் போனால் வழி சுற்றாது, எதை விட்டுவிடலாம் என்பதற்குப் புத்தகம். விட்டுவிடலாம் என்று போன் எப்போதாவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? அது இன்னொன்றைக் காட்டும், அதற்கப்புறம் இன்னொன்று.

ஒரே ஒரு விஷயம் சொல்லிவிட்டு இறங்கிவிடுகிறேன். சில வருஷத்துக்கு முன்னால் இத்தாலியில் ஒரு சின்ன ஊருக்கு உள்ளூர் ரயிலில் போனேன். காசு கொடுத்து வாங்கின டிக்கெட் சட்டைப் பையில் இருந்தது. பரிசோதகர் வந்தார், நீட்டினேன், திருப்பித் திருப்பிப் பார்த்தார், அபராதம் போட்டார். அங்கே காகித டிக்கெட்டை ஏறுவதற்கு முன்னால் நடைமேடையில் இருக்கிற இயந்திரத்தில் விட்டு முத்திரை குத்திக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் அது செல்லாது. இந்த மேடையில் புத்தகத்துக்காகத் தொண்டை கிழியப் பேசுகிற என் பையில் அன்றைக்கு இத்தாலி வழிகாட்டி இருந்தது, விமானத்தில் அதைத் தலைக்கு வைத்துத் தூங்கியிருந்தேன். ராத்திரி அறைக்குப் போய் எடுத்துப் பார்த்தால் ரயில் பயணம் என்ற பகுதியில் முதல் பத்தியிலேயே, கட்டம் கட்டிப் போட்டிருக்கிறார்கள். அந்த அபராதச் சீட்டு இன்னும் அதே பக்கத்தில்தான் இருக்கிறது, கொண்டுவந்திருக்கிறேன், நடுவர் விரும்பினால் பார்க்கலாம்.

மணி அடித்துவிட்டார்கள். நன்றி, வணக்கம்.