கோட்டுத் தீர்ப்பும் கோயில் கலியாணமும்

நேயர்களுக்கு வணக்கம். மட்டக்களப்புக் கத்தோலிக்கப் பங்குகளில், விவாகரத்தான பிறகு மறுமணம் கேட்டு வருபவர்களில் சிலர், மண்டபத்துக்கு முற்பணம் கட்டிய பிறகுதான் பங்குத்தந்தையிடம் வருகிறார்கள். “கோட்டே பிரிச்சிட்டுது, கோயில் ஏன் மறிக்குது?” என்று கோபம் வேறு.

இரண்டு இடத்திலும் கேட்கப்படும் கேள்வி வேறு. மாவட்ட நீதிமன்றம் பெரும்பாலும் பார்ப்பது கலியாணத்துக்குப் பின் யார் தவறினார் என்பதை. 1907ஆம் ஆண்டின் விவாகச் சட்டத்தில் காரணங்கள் மூன்று: பிறர்மனை உறவு, கெட்ட எண்ணத்துடன் கைவிட்டுப் போதல், மணநாளிலேயே இருந்த தீராத உடலுறவு இயலாமை. கணவன் சம்மதித்து அனுப்ப மனைவி குவைத்துக்குப் போனால் அது கைவிடுதல் ஆகாது. ஏழு வருடம் பிரிந்திருந்தால் கலியாணம் தானாக முறியும் என்பது வெறும் ஊர்க்கதை. வழக்கு வென்றாலும் முதலில் கிடைப்பது டிக்ரி நைசை என்ற இடைக்காலத் தீர்ப்புத்தான். குறைந்தது மூன்று மாதம் கழித்தே டிக்ரி அப்சலூட் என்ற முடிவான தீர்ப்பு. அதற்குமுன் மறுமண எழுத்து எழுதினால் அது செல்லாது, குற்றமும்கூட.

மாற்கு 10இல் இயேசு, கடவுள் இணைத்ததை மனிதர் பிரிக்கக்கூடாது என்கிறார். மத்தேயு 19:9இல் வரும் விதிவிலக்கை வைத்து சீர்திருத்த சபைகள் பல மறுமணத்துக்கு இடம் கொடுக்கின்றன. கத்தோலிக்க சபை கொடுப்பதில்லை. திருமுழுக்குப் பெற்ற இருவர் செல்லுபடியாக மணந்து இணைந்து வாழ்ந்திருந்தால், அந்தப் பந்தத்தைச் சாவுதான் அவிழ்க்கும். ஆகவே சபை கேட்பது: அன்று பீடத்தின் முன் கலியாணம் உண்மையில் ஆனதா? ஆகவில்லை என்று தெரிந்தால்தான், அது செல்லாது என்று தீர்ப்பளித்து மறுமணத்துக்கு வழிவிடும்.

விண்ணப்பங்கள் இங்கேதான் பிசகுகின்றன. பக்கம் பக்கமாக அடி உதையை எழுதுகிறார்கள். அது கோட்டுக்கு உதவும். இதை விசாரிக்கும் ஆயரின் சபை நீதிமன்றமான மறைமாவட்டத் தீர்ப்பாயத்துக்கு வேண்டியது மணநாளுக்கு முந்திய நிலை: வீட்டார் மிரட்டித் தலையாட்ட வைத்தார்களா, பாரதூரமான ஒன்றை மறைத்து ஏமாற்றினார்களா, பிள்ளையே வேண்டாம் என்று முதலிலேயே தீர்மானித்திருந்தார்களா? அந்தக் காலத்தில் உங்களை அறிந்தவர்களைச் சாட்சியாகத் தேடுங்கள். பிறகு வந்த அயலவர் பெரிதாக உதவமாட்டார். புதிதாக எடுத்த திருமுழுக்குச் சான்றிதழ், விவாகச் சான்றிதழ், கோட்டுத் தீர்ப்பு மூன்றும் கூடவே இருக்கட்டும். பிரிந்த கணவருக்கோ மனைவிக்கோ தீர்ப்பாயத்திலிருந்து அழைப்பு போகும். அவர் வராவிட்டாலும் வழக்கு நிற்காது. 2015 டிசம்பர் 8 முதல், செல்லாது என்ற ஒரு தீர்ப்பே போதும், மேன்முறையீடு இல்லாவிட்டால். இதனால் பிள்ளைகளின் பிறப்புரிமைக்கு எந்தக் குறையும் வராது.

கத்தோலிக்கர் ஒருவர் ஆயரின் அனுமதியில்லாமல் பதிவாளர் முன்போ இந்துக் கோயிலிலோ மட்டும் மணந்திருந்தால், முழு வழக்குத் தேவைப்படாது. பத்திரங்களைக் காட்டியே தீர்க்கலாம். இன்னொன்று: விவாகரத்துப் பெற்றுத் தனியே வாழ்பவருக்கு நற்கருணை தடையில்லை. வீணாக எத்தனையோ பெண்கள் நற்கருணை வாங்காமல் கடைசி வாங்கிலேயே இருந்துவிடுகிறார்கள்.

யுத்தத்தில் கணவர் காணாமற்போனவர்கள் கவனியுங்கள். 2016ஆம் ஆண்டுச் சட்டப்படி கிடைக்கும் காணாமற்போனமைச் சான்றிதழ் காணி, வங்கி அலுவல்களுக்கு உதவும், கலியாணத்தை முடிக்காது. கோயிலில் மறுமணத்துக்கு, கணவர் இறந்திருப்பார் என்று ஆயர் கொடுக்கும் இறப்பு அனுமான அறிவிப்பு வேண்டும். எத்தனை வருடம் கடந்தாலும் காணவில்லை என்பது மட்டும் போதாது. இறந்திருப்பார் என்ற உறுதி ஆயருக்கு வரவேண்டும். கடைசியாகக் கண்டவரின் வாக்குமூலம், பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதி, மரணச் சான்றிதழ் எடுத்திருந்தால் அதுவும், எல்லாவற்றையும் ஒரே கோப்பில் சேர்த்துப் பங்குத்தந்தையிடம் கொடுங்கள்.