பழைய ஒமேகா வாங்கப் போறீங்களா? டயலைப் பார்க்காம காசு கொடுக்காதீங்க!

வணக்கம் நண்பர்களே!

இந்த வாட்ச்சைப் பாருங்க. ஒமேகா சீமாஸ்டர் ஆட்டோமேட்டிக், 1960கள்ல செஞ்சது. ஆட்டோமேட்டிக்னா, கை அசையும்போது உள்ள ஒரு எடை சுத்தி தானா சாவி ஏறிக்கும். இன்னைக்கு ஒரு புது சீமாஸ்டர் வாங்கணும்னா பல லட்சம் வேணும். இந்தப் பழசு, ஒரு நல்ல ஸ்மார்ட்போன் விலைக்கே கிடைக்குது. அதே விலைக்கு இன்னொரு ஒமேகாவும் கிடைக்கும். பளபளன்னு, நேத்து கடையில இருந்து எடுத்த மாதிரி இருக்கும். அதைத் தொடவே கூடாது! எது நல்லது, எதைத் தொடக்கூடாதுன்னு வெறும் போட்டோவை வெச்சே கண்டுபிடிக்க இன்னைக்குச் சொல்லித் தரப்போறேன்.

வரலாறு ரொம்ப வேகமா. 1848ல லூயி பிராண்ட் ஒரு சின்னப் பட்டறை போட்டாரு, அதுதான் பின்னாடி ஒமேகா ஆச்சு. சீமாஸ்டர் வந்தது 1948ல. 1969 டிசம்பர்ல ஜப்பான்ல சீக்கோ பேட்டரியில ஓடற குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விட்டாங்க, அடுத்த பத்துப் பதினஞ்சு வருஷத்துல சுவிஸ் தொழிலே ஆட்டம் கண்டுச்சு. அவ்வளவு போதும்.

இவ்வளவு நல்ல வாட்ச் ஏன் மலிவா கிடைக்குது? அந்தக் காலத்துல ஒமேகா எக்கச்சக்கமா செஞ்சு உலகம் பூரா வித்தாங்க, அதனால இன்னும் நிறைய புழக்கத்துல இருக்கு. அப்புறம் சைஸ். இதெல்லாம் 34, 35 மில்லிமீட்டர். இப்போ எல்லாரும் 40க்கு மேல தேடறாங்க. என்னைக் கேட்டா, சட்டைக் கை பட்டனுக்கு அடியில சத்தமில்லாம உட்கார்ற 34 மில்லிமீட்டருக்கு இருக்கற அழகே தனி.

சரி, விஷயத்துக்கு வருவோம். டயல்!

[காட்சி: டயல், மிக நெருக்கத்தில்]

கண்ணாடி உடைஞ்சா மாத்தலாம். சாவி கொடுக்கற திருகு தேஞ்சா மாத்தலாம். ஸ்பிரிங், வாஷர், ஸ்ட்ராப் எல்லாம் கிடைக்கும். ஒரிஜினல் டயல் போச்சுன்னா போனதுதான். அதனால நீங்க வாங்கறது டயலை, மத்ததெல்லாம் கூட வருதுன்னு நினைச்சுக்கோங்க.

இங்கதான் நம்ம ஊர்ல பெரிய சிக்கல். பழைய டயல்ல இருக்கற பெயிண்ட்டைச் சுரண்டி எடுத்துட்டு, புதுசா கலர் அடிச்சு, எழுத்தையும் புதுசா அச்சடிச்சு விக்கறாங்க. இதுக்குப் பேரு ரீடயல். இப்படி இந்தியாவுல இருந்து போற வாட்ச்சுகளுக்கு வெளிநாட்டு சேகரிப்பாளர்கள் 'மும்பை ஸ்பெஷல்'னே பேர் வெச்சிருக்காங்க. எச்எம்டி, சீக்கோ 5, ஃபாவ்ரே லூபா, ஒமேகான்னு எந்த வாட்ச்சையும் விடறதில்லை. கம்பெனி கனவுலயும் போடாத நீலம், ஆரஞ்சு, சிவப்பு எல்லாம் வரும். ஒரு பழைய கோயில் சுவர் ஓவியத்து மேல சுண்ணாம்பு அடிச்சு அதே சாமியை திரும்ப வரைஞ்சா எப்படி வலிக்கும், எனக்கு அப்படித்தான் வலிக்குது. அந்தக் கைத்தொழில்காரங்க மேல எனக்குக் கோபம் இல்லை. சாதாரண ஜனங்களோட கடிகாரத்தைப் பல வருஷம் ஓட வெச்சவங்க அவங்க. அதை மறைச்சு 'ஃபேக்டரி ஒரிஜினல்'னு விக்கறவங்க மேலதான் கோபம்.

எப்படிக் கண்டுபிடிக்கறது? விக்கறவர்கிட்ட டயலை நேரா ஒரு போட்டோ, வெளிச்சத்துல சாய்ச்சு ஒரு போட்டோ கேளுங்க. போன்ல பெருசு பண்ணிப் பாருங்க.

முதல்ல எழுத்து. ஃபேக்டரி அச்சு கத்தி மாதிரி கூர்மையா, லேசா மேடு தட்டி நிக்கும். ரீடயல்ல மை கசிஞ்சு, ஓரம் தடிச்சு, எழுத்துக்கு எழுத்து இடைவெளி கோணலா இருக்கும். சீமாஸ்டர்ங்கற பேரோட முதல் எழுத்து எஸ், அதோட வளைவு ஒண்ணே போதும், பல திருட்டைக் காட்டிக் கொடுத்துடும்.

அடுத்து 6 மணிக்குக் கீழ, டயலோட கடைசி ஓரம். அங்க பொடியா 'ஸ்விஸ் மேட்' (SWISS MADE)னு இருக்கணும். முள்ளுல, கோடுகள்ல இருட்டுல ஒளிர்ற பூச்சு ட்ரிடியம்ங்கற லேசான கதிரியக்கப் பொருளா இருந்தா, பெரும்பாலும் அந்த 'ஸ்விஸ் மேட்'டுக்கு ரெண்டு பக்கமும் ஒரு 'டி' (T) எழுத்து இருக்கும். ரீடயல் பண்றவங்க அதிகமா கோட்டை விடற இடம் இதுதான்!

மணிக்கோடுகளையும் பாருங்க. நிறைய சீமாஸ்டர்ல அது உலோகத்துல செஞ்சு பதிச்சது. நிமிஷக் கோடு அதோட நட்டநடுவுல வந்து சேரணும். கோட்டு அடியில பெயிண்ட் தேங்கி நின்னா, யாரோ மேல அடிச்சிருக்காங்க.

டயல் லேசா பழுப்பேறியிருக்கா, ஓரத்துல புள்ளி விழுந்திருக்கா? அது வயசு. அதுக்காக ஒதுக்காதீங்க, நான் அதைத்தான் தேடித் தேடி வாங்குவேன்.

கடைசியா பேக் கவருக்கு உள்பக்க நம்பர். 60கள்ல இருந்து வந்த ஆண்கள் மாடல்கள்ல 165ன்னு ஆரம்பிச்சா தேதி இல்லாத ஆட்டோமேட்டிக், 166ன்னா தேதி உள்ளது, 135ன்னா கையால சாவி கொடுக்கறது. 165 கேஸ் (வாட்ச்சோட உலோக உடம்பு) மேல தேதி ஜன்னல் வெச்ச டயல் உட்கார்ந்திருந்தா ரெண்டு மூணு வாட்ச்சைக் கலந்து ஒண்ணாக்கியிருக்காங்கன்னு அர்த்தம். முழு நம்பரைப் போட்டுத் தேடி, அதே மாடல் படங்களோட ஒப்பிட்டுப் பாருங்க.

கேஸ்ல ஒரே விஷயம்தான்: ஸ்ட்ராப் மாட்டற கொம்புகளோட விளிம்பு கூர்மையா இருக்கணும். பேக் கவர்ல கடல்குதிரை இருந்தா, அது மழுங்கிப் போயிருக்கான்னு பாருங்க. மழுங்கியிருந்தா பாலிஷ் மெஷின்ல பல தடவை தேய்ச்சிருக்காங்க. தேய்ஞ்ச உலோகம் திரும்ப வராது. அதனால நீங்களும் வாங்கினதும் 'பாலிஷ் போட்டுக் கொடுங்க'ன்னு தயவுசெஞ்சு கேட்காதீங்க!

உள்ள இருக்கற மெஷின் செம்பு நிறத்துல மின்னும். 552, 565ன்னு நம்பர் போட்டிருந்தா சந்தோஷப்படுங்க, ஒமேகா செஞ்ச அருமையான ஆட்டோமேட்டிக் மெஷின்கள் அவை. மணிக்கு 19,800 துடிப்பு. காதுகிட்ட வெச்சு ஆட்டும்போது உரசற சத்தம் கேட்டா, சுத்தற எடையோட அச்சு தேஞ்சிருக்கலாம், விலையைக் குறைச்சுக் கேளுங்க. டைம்கிராபர் (வாட்ச்சோட துடிப்பை அளக்கற கருவி) ரீடிங் கேட்டு வாங்குங்க: முழு சாவி கொடுத்து டயல் மேல பார்க்க வெச்சா, உள்ள இருக்கற பேலன்ஸ் சக்கரம் ஆடற வீச்சு 270 டிகிரி பக்கத்துல இருந்தா நல்லது, 200க்குக் கீழன்னா சர்வீஸ் உறுதி.

[காட்சி: வாட்ச் ரிப்பேர் மேசை]

சர்வீஸ்னா முழுசா பிரிச்சு, ஒவ்வொரு பாகமா கழுவி, அந்தந்த இடத்துக்கு அந்தந்த எண்ணெய் விடணும். மெஷினைப் பிரிக்காம அப்படியே பெட்ரோல்ல முக்கி எடுக்கறவர்கிட்ட கொடுத்துடாதீங்க, அழுக்கு உள்ளயேதான் தங்கும். இந்தச் செலவையும் வாட்ச் விலையோட சேர்த்தே பட்ஜெட் போடுங்க. ஒரு எச்சரிக்கை: 60களோட தொடக்கத்துக்கு முந்தின வாட்ச்ல ஒளிர்ற பூச்சு கதிரியக்கம் உள்ள ரேடியமா இருக்கலாம். வீட்டுல திறக்காதீங்க, சுரண்டாதீங்க, அந்தத் தூள் மூச்சுல போகக்கூடாது.

வீட்டுல நீங்களே செய்யக்கூடியது ஒண்ணு இருக்கு, எனக்கு ரொம்பப் பிடிச்சது. கண்ணாடி! இது உண்மையில அக்ரிலிக் பிளாஸ்டிக். கீறல் ஆழமா இருந்தா 2000 நம்பர் உப்புத்தாளை நனைச்சு மெதுவா தேய்ங்க, கேஸ் மேல டேப் ஒட்டிக்கோங்க. அப்புறம் அக்ரிலிக் பாலிஷ் பேஸ்ட், மெத்துன்னு ஒரு துணி. பனி மூடின மாதிரி இருந்த கண்ணாடி தெளிஞ்சு வரும்போது சரியா நடுவுல லென்ஸ் வெச்சுப் பாருங்க. ஒமேகா ஒரிஜினல் கண்ணாடின்னா தூசி அளவுக்கு ஒரு ஒமேகா சின்னம் இருக்கும்! முதல் தடவை அதைப் பார்க்கறப்போ வர்ற சந்தோஷத்தை என்னால சொல்லிப் புரிய வைக்க முடியாது. பயமா இருந்தா வீட்டுல கிடக்கற எச்எம்டி ஜனதால முதல்ல கை பழகுங்க.

பேர்ல கடல் இருக்குன்னு தண்ணியில இறங்கிடாதீங்க. வாஷர் புதுசா போட்டாலும் மழைத்துளி, கை கழுவற தண்ணி, அதோட நிறுத்திக்கோங்க.

சீமாஸ்டர் பட்ஜெட்டுக்கு எட்டலைன்னா 'ஒமேகா ஜெனீவ்'னு தேடுங்க. நிறைய ஜெனீவ்ல இதே 552, 565 மெஷின்தான் ஓடுது, விலை பொதுவா இன்னும் கம்மி. ஏதாவது ஒரு மாடல் நம்பர் கண்ணுல பட்டு சந்தேகமா இருந்தா, அதைக் கமெண்ட்ல போடுங்க, காசு கொடுக்கறதுக்கு முன்னாடி சேர்ந்து பார்த்துடலாம்.