ஆம்பூர் கணக்கரும் ஃபங்ஷனல் புரோகிராமிங்கும்

வேலூர் வட்டார நேயர்களுக்கு வணக்கம். ஃபங்ஷனல் புரோகிராமிங், அதாவது ஒருமுறை வைத்த மதிப்பை மாற்றாமல், ஃபார்முலாக்களைக் கோத்தே புரோகிராம் எழுதும் முறை, என்றைக்காவது பரவலாகுமா என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். ஆம்பூரில் ஏதாவது ஒரு ஷூ கம்பெனியின் கணக்குப் பிரிவை எட்டிப் பாருங்கள். எக்செலில் ஒரு கட்டத்தில் ஜோடிகளின் எண்ணிக்கை, பக்கத்தில் ஜோடி விலை, மூன்றாவதில் இரண்டையும் பெருக்கும் ஃபார்முலா. விலையைத் திருத்தினால் தொகை, வரி, மொத்தம் எல்லாமே மாறிவிடும். எதை முதலில் போடுவது, எதை அப்புறம் போடுவது என்று கணக்கர் சொல்லவே இல்லை. எந்த ஃபார்முலாவும் அடுத்த கட்டத்தில் கைவைப்பதில்லை. ஃபங்ஷனல் புரோகிராமிங்கின் உயிர்நாடியே இதுதான். சொந்தமாக ஃபங்ஷன் எழுதிக்கொள்ளும் வசதியை மைக்ரோசாஃப்ட் 2020 இறுதியில் எக்செலுக்கு அறிவித்தபோது அதற்கு வைத்த பெயர் லாம்ப்டா. 1930களில் கணித அறிஞர் அலன்சோ சர்ச் உருவாக்கிய, ஃபங்ஷன்களை வைத்தே எல்லாக் கணக்கையும் எழுதும் லாம்ப்டா கால்குலஸின் பெயர் அது.

இதற்கென்றே பிறந்த மொழிகளின் கதை வேறு. ஹாஸ்கெல் வந்தது 1990இல். இன்றும் காட்பாடிப் பக்கம் கேம்பஸ் இன்டர்வியூவுக்குத் தயாராகும் பிள்ளைகள் படிப்பது ஜாவாவும் பைத்தானும்தான். ஆனால் அந்த ஜாவாவே 2014இல் லாம்ப்டாவை, அதாவது பெயர் வைக்காமலே எழுதும் குட்டி ஃபங்ஷனை, சேர்த்துக்கொண்டது. காரணம் உண்டு. 2005 வாக்கில் பிராசசரின் வேகம் ஏறுவது ஏறக்குறைய நின்று, அதற்குள் தனித்தனியாகக் கணக்குப் போடும் கோர்களின் எண்ணிக்கை கூட ஆரம்பித்தது. ஒரே வங்கி இருப்பில் இரண்டு கோர்கள் ஒரே நேரத்தில் கைவைத்தால் ஒன்று எழுதியதை மற்றது அழித்துவிடும். மதிப்பை மாற்றவே கூடாது என்று வைத்துவிட்டால் அந்தச் சண்டையே வராது. எரிக்சன் கம்பெனி 1980களிலேயே டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்காக எர்லாங் மொழியை இந்த வழியில்தான் அமைத்தது. நம் வாட்ஸ்அப்பின் சர்வர்களுக்கும் பின்னால் கைகொடுத்தது அந்த எர்லாங்தான்.

ஹாஸ்கெல் ஜாவாவின் இடத்தைப் பிடிக்கும் என்று நான் நம்பவில்லை. ஓடிக்கொண்டிருக்கும் பழைய புரோகிராமைத் திருப்பி எழுத எந்த முதலாளி பணம் தருவார்? ஆர்வலர்கள் மேலும் எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு. கேட்க வந்தவரிடம் எடுத்த எடுப்பிலேயே மோனாட் என்று ஹாஸ்கெலின் கடினமான கருத்தில் ஆரம்பித்தால் அவர் ஓடத்தான் செய்வார். மொழி தோற்றாலும் வழக்கம் ஜெயித்துவிட்டது. பட்டியலில் வேண்டியதை மட்டும் எடுக்கும் ஃபில்டர், ஒவ்வொன்றுக்கும் ஒரே ஃபங்ஷனைப் போடும் மேப் என்று தினமும் எழுதுகிற பலருக்கு அது ஃபங்ஷனல் வழக்கம் என்றே தெரியாது. தெரியாவிட்டால் போகட்டும்.

முதல் செமஸ்டரில் சி மொழி நடத்தும் ஆசிரியர்களிடம் மட்டும் ஒன்று கேட்கிறேன். ஐ என்ற வேரியபிளின் மதிப்பை ஒன்று கூட்டி மாற்றும் ஐ = ஐ + 1 சொல்லிக்கொடுத்த அதே வாரம், எந்த வேரியபிளின் மதிப்பையும் மாற்றாமல் ஒரு மதிப்பெண் பட்டியலின் மொத்தத்தைக் கணக்கிடச் சொல்லுங்கள். நன்றி.