காதுக்குள் கேட்டது காதுக்கு மேலேயும் கேட்குமா?

வணக்கம் நேயர்களே. ஹெட்போன் வாங்குவது பற்றிப் பேச வாருங்கள் என்று கூப்பிட்டபோது கொஞ்சம் தயங்கினேன். நான் இந்தத் துறையில் படித்தவன் இல்லை. கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூருக்குத் தினமும் ரயிலில் போய் வேலை பார்க்கிறவன், போக முக்கால் மணி நேரம் வர முக்கால் மணி நேரம் என்று பதினோரு வருஷத்தை இயர்போனிலேயே ஓட்டியவன், அவ்வளவுதான்.

போன ஐப்பசி அடைமழையில் வலது காதில் ஒரே அரிப்பு. டாக்டர் லைட் அடித்துப் பார்த்துவிட்டு, "பூஞ்சை பிடிச்சிருக்கு, ரெண்டு மாசத்துக்குக் காதுக்குள்ள எதையும் சொருகாதீங்க" என்று சொல்லிவிட்டார். சரி, வீட்டில் கேட்பதற்குக் காதை மூடுகிற பெரிய ஹெட்போன் ஒன்று வாங்கலாம் என்று இறங்கினேன். எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: என் இயர்போன் எப்படிக் கேட்குமோ அப்படியே கேட்க வேண்டும்.

இதில் என்ன கஷ்டம் என்று நினைத்துக்கொண்டு, இயர்போன் செய்த அதே கம்பெனியின் ஹெட்போனையே வாங்கினேன். மாட்டிக் கேட்டால், நாகஸ்வரம் அடுத்த தெருவில் வாசிக்கிறது, தவில் மட்டும் என் மடியில் உட்கார்ந்திருக்கிறது. பெட்டியில் இருந்த பெயர் ஒன்று, உள்ளே இருந்த ஓசை வேறு. ஒரே கம்பெனி என்பதால் ஒரே ஓசை வராது, இரண்டையும் வடிவமைப்பவர்கள்கூட வேறு வேறு ஆட்களாக இருக்கலாம் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. ஆறாயிரம் ரூபாய்.

அதற்கப்புறம்தான் கொஞ்சம் படித்தேன். குடத்தில் தண்ணீர் பிடிக்கும்போது கவனித்திருப்பீர்கள், தண்ணீர் ஏற ஏற, உள்ளே காற்றுக்கு இடம் குறையக் குறைய ஓசை மேலே ஏறும். நம் காதுக்குழாயும் ஒரு சின்னக் குடம்தான், நீளம் ஏறக்குறைய இரண்டரை சென்டிமீட்டர். திறந்திருக்கும்போது அது 3 கிலோஹெர்ட்ஸ் (நொடிக்கு மூவாயிரம் அதிர்வு) பக்கத்து ஓசையைத் தானாகவே தூக்கிக் காட்டும், பேச்சில் தெளிவு இருப்பதே அந்தப் பக்கம்தான். ஹெட்போன் மாட்டினால் செவிமடலும் காதுக்குழாயும் வழக்கம்போலத் தங்கள் வேலையைச் செய்யும். இயர்போனோ குழாயின் வாயை அடைத்துவிடுகிறது. மிச்சமிருக்கிற சின்ன இடத்தின் அதிர்வு 8 கிலோஹெர்ட்ஸ் பக்கம் ஓடிவிடும், செவிமடலுக்கு வேலையே கிடையாது. அதனால் இழந்த அந்த 3 கிலோஹெர்ட்ஸ் மேட்டை இயர்போன் செய்கிறவர்களே போட்டுக் கொடுக்க வேண்டியிருக்கிறது. ஆளுக்கு ஆள் செவிமடல் வேறு, குழாய் வேறு. என் காதில் ஒன்றுபோல் கேட்கிற இயர்போனும் ஹெட்போனும் உங்கள் காதில் கொஞ்சம் விலகித்தான் கேட்கும்.

ஹார்மன் என்கிற ஆடியோ கம்பெனியில் ஷான் ஆலிவ் என்பவரும் அவருடைய குழுவினரும், நிறையப் பேரை உட்காரவைத்துக் கேட்கச் சொல்லி, எப்படிப்பட்ட ஓசையைப் பெரும்பாலோர் விரும்புகிறார்கள் என்று ஒரு கோடு வரைந்தார்கள். 2013-லிருந்து அந்த ஆய்வுகள் வெளிவந்தன. ஹெட்போனுக்கு ஒரு கோடு, இயர்போனுக்கு வேறு கோடு, இயர்போன் கோட்டில் பேஸ், அதாவது அடி ஓசை, கூடுதல். அதாவது ஒரே திருப்தி கிடைக்க இரண்டுக்கும் வேறு வேறு அளவு வேண்டும்.

எந்த அலைவரிசையில் எவ்வளவு ஓசை வருகிறது என்று காட்டுகிற கிராஃப்கள் இணையத்தில் கிடைக்கின்றன, அவற்றைப் பார்க்கிறவர்கள் பலர் சறுக்குவது இங்கேதான், நானும் சறுக்கினேன். இயர்போனின் கிராஃபையும் ஹெட்போனின் கிராஃபையும் ஒன்றன் மேல் ஒன்றாக வைத்து ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது வீண். இயர்போனை அளப்பது ஒரு சின்ன உலோகக் குழாயில், ஹெட்போனை அளப்பது ரப்பர்க் காது வைத்த செயற்கைத் தலையில். பார்க்க வேண்டியது விலகலை. உங்கள் இயர்போன் அதனுடைய கோட்டிலிருந்து எங்கே ஏறி, எங்கே இறங்கியிருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள், ஹெட்போன் தன்னுடைய கோட்டிலிருந்து அதே இடங்களில் அதேபோல் ஏறி இறங்குகிறதா என்று பாருங்கள். என் இயர்போனில் பேஸ் 3 டெசிபல் தூக்கல், 3 கிலோஹெர்ட்ஸ் பக்கம் 2 டெசிபல் தணிவு. நாகஸ்வரம் காதைக் குத்தாமல் இத்தனை வருஷம் கேட்டதற்குக் காரணம் அந்த இரண்டு டெசிபல்தான்.

கிராஃப் பார்க்கப் பிடிக்காதவர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது, எனக்கு இதுதான் பிடிக்கும். நன்றாகப் பழகிய பாட்டு நான்கை எடுத்துக்கொண்டு இயர்போனில் எது பிடிக்கிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். "சூப்பரா இருக்கு" என்று எழுதினால் பிரயோஜனமில்லை. நான் எழுதியது இப்படி: மிருதங்கத்தின் இடது பக்கமான தொப்பியில் விழுகிற "தொம்" வட்டமாக விழுந்து உடனே அடங்குகிறது. வலது பக்கமான வலந்தலையின் "நம்" மணி மாதிரி சுருதியோடு நிற்கிறது. பாடகர் மூச்சு வாங்குவது தெரிகிறது, ஆனால் "ஸ" வரும்போது சீறவில்லை. ஜால்ரா பாடகருக்குப் பின்னால்தான் இருக்கிறது, முன்னால் வரவில்லை.

இதில் இரண்டாவதைப் பற்றி ஒரு வார்த்தை. திருவானைக்காவலில் பிறந்த சர் சி. வி. ராமன் இருக்கிறாரே, மிருதங்கத்தைப் பற்றி 1920-லேயே நேச்சர் இதழில் எழுதியவர். வலந்தலையில் பூசுகிற, சாதம் என்று சொல்கிற கருப்புப் பூச்சுதான், தோல் கருவியின் தாறுமாறான மேல் ஓசைகளைத் தந்தி வாத்தியம்போல ஒழுங்கான சுரவரிசைக்குக் கொண்டுவருகிறது என்று விளக்கினார். அந்த மேல் ஓசைகள் எல்லாம் நடு அலைவரிசையில் உட்கார்ந்திருக்கின்றன. அங்கே பள்ளம் விழுந்த ஹெட்போனில் எத்தனை பேஸ் இருந்தாலும் "நம்" தகரத்தில் தட்டுகிற மாதிரிதான் கேட்கும்.

தாளை எடுத்துக்கொண்டு திருச்சியில் ஒரு கடைக்குப் போனேன். கடைத் தம்பி ஒரு ஹெட்போனை நீட்டி, "இதுல பேஸ் அள்ளும் சார்" என்றார். "அள்ள வேணாம் தம்பி, இருக்கிற இடத்துல இருந்தா போதும்" என்றேன். சிரித்துவிட்டு இன்னும் மூன்றை எடுத்துவைத்தார், நல்ல பையன். கடையில் கேட்கும்போது சத்தத்தை முதலில் சமமாக்கிக்கொள்ளுங்கள். ஒன்று துளி சத்தம் கூடுதலாக இருந்தாலும் அதுதான் நன்றாயிருக்கிறது என்று காது தீர்ப்பு எழுதிவிடும். தம்புரா மட்டும் ஒலிக்கிற இடத்தை வைத்து இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்துவிட்டு அப்புறம் பாட்டைப் போடலாம்.

கண்ணாடி போடுகிறவர்களுக்கு ஒரு விஷயம். கண்ணாடியின் காம்பு ஹெட்போன் மெத்தைக்கு நடுவில் ஒரு சந்து விட்டுவிடும், அந்தச் சந்து வழியாக வெளியே போவது முதலில் பேஸ்தான். மாட்டிக்கொண்டு இரண்டு உள்ளங்கையாலும் லேசாக அழுத்திப் பாருங்கள். தொப்பியின் "தொம்" சட்டென்று பெருத்தால், அந்த ஹெட்போன் உங்கள் தலையில் சரியாக அடைக்கவில்லை என்று அர்த்தம். இயர்போனில் ரப்பர் முனை இறுக அடைத்து நிற்பதால் இந்தத் தொல்லை குறைவு, அந்தப் பழக்கத்தில் வருகிறவர்களுக்குத்தான் பெரிய ஹெட்போன் சப்பென்று இருக்கிறது.

அப்புறம், கிண்ணத்தின் வெளிப்புறம் அடைத்திருக்கிற மூடிய வகையா, காற்று போய்வர விட்டிருக்கிற திறந்த வகையா என்பது. பெயர் சொன்னால்தான் புரியும் என்பதால் இரண்டு பழைய பெயர்கள் சொல்கிறேன், விளம்பரம் இல்லை. 1997-ல் வந்த சென்ஹைசர் எச்டி 600 திறந்த வகை, குரலுக்குப் பேர் போனது, ஆனால் அடி பேஸ் மெல்ல நழுவிவிடும். மின்தடை 300 ஓம் வேறு, போனில் நேரே செருகினால் சத்தம் போதாமல் திணறும், ஓசையைப் பெருக்கிக் கொடுக்கச் சின்ன ஆம்ப் ஒன்று தேடும். 1991-ல் வந்த சோனி எம்டிஆர்-7506 மூடிய வகை, 63 ஓம், எதில் செருகினாலும் பாடும், மேல் ஓசை கொஞ்சம் கூர்மை. திறந்த வகையில் அடி பேஸ் குறைகிறதே என்று கச்சேரி மட்டும் கேட்கிறவர்கள் கவலைப்படவே வேண்டாம். ஆண் குரலின் சுருதி ஒரு கட்டை என்றால் ஆதார சட்ஜம் சுமார் 130 ஹெர்ட்ஸ், மந்திர பஞ்சமத்துக்கு இறங்கினாலும் 98 ஹெர்ட்ஸ்தான். 50 ஹெர்ட்ஸில் அங்கே யாருக்கும் வேலை இல்லை. சினிமாக் குத்துப்பாட்டு வேண்டும் என்றால் கதையே வேறு, அதன் அஸ்திவாரமே அங்கேதான் கிடக்கிறது.

எனக்குத் திறந்த வகைதான் ஆசை, அதில் காற்று வரும், சித்திரை வெயிலில் காது வேகாது. ஆனால் எங்கள் வீட்டுப் பின்சுவருக்கு அந்தப் பக்கம் பாத்திரப் பட்டறை. காலை ஒன்பது மணிக்கு அவர்கள் பித்தளையைத் தட்ட ஆரம்பித்தால் சாயங்காலம் வரைக்கும் எந்தக் கச்சேரிக்கும் கூடுதலாக ஒரு தாள வாத்தியம் இலவசம். மூடிய வகைதான் வாங்கினேன்.

வாங்கியதில் ஒரு கணக்கு வைத்திருந்தேன். அலைவரிசைவாரியாக ஓசையைக் கூட்டிக் குறைக்கிற ஈக்வலைசரில் பேஸைச் சரிசெய்வது சுலபம், நடு மேல் ஓசையையும் ட்ரெபிள் என்கிற உச்ச ஓசையையும் சரிசெய்வது கஷ்டம், குறிப்பாக 8 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே ஒவ்வொரு காதுக்கும் ஒவ்வொரு மாதிரி என்பதால் கிராஃபைப் பார்த்துத் திருகினால் கெட்டுப்போகும். அதனால் நாகஸ்வரத்தையும் "ஸ"வையும் இயர்போன் மாதிரியே காட்டுகிற ஹெட்போனாகப் பார்த்து, பேஸ் கொஞ்சம் குறைவாக இருந்தாலும் பரவாயில்லை என்று எடுத்துவந்தேன். ஈக்வலைசருக்குப் போனில் வேவ்லெட், கம்ப்யூட்டரில் ஈக்வலைசர் ஏபிஓ என்கிற செயலிகள். 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே 3 டெசிபல் ஏற்றினேன், ஏற்றிய அளவுக்கு மொத்தச் சத்தத்தையும் முன்கூட்டியே 3 டெசிபல் இறக்கினேன். அதை இறக்காவிட்டால் தவில் உச்சத்துக்குப் போகிற இடத்தில் ஓசை பிளந்துபோகும், முதல் நாள் எனக்குப் பிளந்தது.

ஒத்துப்போனதா என்றால், தாளில் எழுதிய நான்கில் மூன்றரை. ஜால்ரா இன்னும் ஒரு அடி முன்னால் வருகிறது. இயர்போனில் பாட்டு மண்டைக்குள் நடக்கும், ஹெட்போனில் காதோரம் கொஞ்சம் வெளியே நடக்கும், அதை எந்தத் திருகலும் மாற்றாது, நானும் விட்டுவிட்டேன்.

நம் ஊர் ஈரத்துக்கும் வியர்வைக்கும் ரெக்சின் மெத்தை ஒன்றிரண்டு வருஷத்தில் செதில் செதிலாக உரியும். மாற்று மெத்தை வாங்கும்போது அதே அச்சு, அதே துணியாகப் பாருங்கள். வழுவழுப்பான மெத்தைக்குப் பதிலாக வெல்வெட் போட்டேன், வியர்வை நின்றது, தொப்பியின் "தொம்"மும் போய்விட்டது. பழைய மெத்தையையே துடைத்து மறுபடி மாட்டியிருக்கிறேன். காது ஆறிவிட்டது, ரயிலில் பழைய இயர்போன்தான், ரப்பர் முனையை மட்டும் ஞாயிற்றுக்கிழமைதோறும் கழற்றிக் கழுவிக் காயவைத்துவிடுகிறேன். வணக்கம்.